எந்த உறுப்புக்கு? எந்த வழியாக?

கடந்த சில ஆண்டுகளில் ஒப்புதல் பெற்ற புதுவகைச் சிகிச்சைகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணு சிகிச்சை, மரபணுத் திருத்தம், ஆர்என்ஏ மருந்து, செல் சிகிச்சை எல்லாவற்றையும் சேர்த்து. நோயின் பெயரை மறைத்துவிட்டு, மருந்து போய் வேலை செய்யும் இடத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். ரத்தம், கல்லீரல், கண், ரத்தம், கல்லீரல், தண்டுவடம், ரத்தம், கல்லீரல். திரும்பத் திரும்ப இதே நாலைந்து இடங்கள்தான். நுரையீரல் எங்கே? சிறுநீரகம் எங்கே? கணையம்? மூளை ஏன் இவ்வளவு அபூர்வமாக வருகிறது?

மருத்துவ உயிரித்தொழில்நுட்பம் படிக்க வரும்போது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்திரிக்கோலைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு வந்தவர்கள். மரபணுவில் எழுத்துப்பிழை இருக்கிறது, அதைத் திருத்தும் கருவி கைக்கு வந்துவிட்டது, இனி ஒவ்வொரு நோயாக அடித்துப்போடலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு சிகிச்சையைப் பற்றி ஆர்வமாகப் பேசி முடித்ததும் பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "சரி, எந்த உறுப்புக்கு? எந்த வழியாக?" பேசியவர் பெரும்பாலும் திருதிருவென்று விழிப்பார். இந்தத் துறையின் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளுக்குள்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது பல நோய்களில் எப்போதோ தெரிந்துவிட்டது. அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு.

எவ்வளவு காலமாகத் தெரியும் என்பதற்கு அரிவாள் செல் நோய் நல்ல உதாரணம். சிவப்பணுக்கள் வளைந்து, விறைத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும் நோய். உயிர் போகிற மாதிரி வலி வரும். 1949-ல் லைனஸ் பாலிங்கின் குழு இது ஹீமோகுளோபின் என்ற ஒற்றை மூலக்கூறின் கோளாறு என்று காட்டியது. 1956-57-ல் வெர்னான் இங்ராம் இன்னும் நெருங்கிப்போய், பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஆறாவது மட்டும் மாறியிருக்கிறது, குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். டிஎன்ஏவின் வடிவம் தெரிந்து நாலைந்து வருடம்கூட ஆகாத காலம் அது. அப்போதே நோயின் வேர் தெரிந்துவிட்டது. கிரிஸ்பர் முறையில் அதற்கான சிகிச்சைக்கு முதல் ஒப்புதல் கிடைத்தது 2023 நவம்பரில், பிரிட்டனில். அடுத்த மாதம் அமெரிக்காவில். இடையில் போனது ஒரு மனித ஆயுள்.

அந்தச் சிகிச்சை வேலை செய்யும் விதத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் வேறு. அது அந்த ஆறாவது இடத்தைத் தொடுவதே இல்லை! 1948-லேயே ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார்: இந்த நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் தொந்தரவு வருவதில்லை. காரணம், கருவில் இருக்கும்போது உடல் வேறு வகை ஹீமோகுளோபினைத் தயாரிக்கிறது, பிறந்த பிறகுதான் மெல்ல மெல்லப் பெரியவர்களின் வகைக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பது 2008 வாக்கில் உறுதியானது. ஆகவே கிரிஸ்பரை வைத்துப் பிழையைத் திருத்தவில்லை. ரத்தச் செல்களில் பிசிஎல்11ஏவை இயக்கும் ஒரு துண்டை உடைத்துவிடுகிறார்கள். கருவின் ஹீமோகுளோபின் மறுபடி வரத் தொடங்குகிறது. திருத்துவது கஷ்டம், உடைப்பது சுலபம். எதை உடைத்தால் நன்மை வரும் என்று கண்டுபிடித்ததில்தான் சாமர்த்தியம். பேசப்படுவது கத்திரிக்கோலாக இருக்கலாம், எனக்கு இதில் பிடித்தது வாட்சனின் கவனிப்பு.

சரி, வழி எது? இங்கே ரத்தத்துக்கு ஒரு தனிச்சலுகை இருக்கிறது. ரத்தத்தின் மூலச்செல்களை உடலுக்கு வெளியே எடுத்துவிடலாம். மருந்து கொடுத்து மஜ்ஜையிலிருந்து அவற்றை ரத்தத்துக்கு வரவைத்து, இயந்திரத்தில் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் மின்னதிர்வு கொடுத்துச் செல்சுவரில் நொடிநேரத் துளைகள் போட்டு, கிரிஸ்பரை உள்ளே தள்ளுகிறார்கள். (விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது, சவ்வுதான் என்று எந்த உயிரியல் மாணவரும் என்னைத் திருத்துவார். சவ்வு என்றே வைத்துக்கொள்வோம்.) பிறகு அந்தச் செல்களைப் பரிசோதித்து, உறையவைத்து, நோயாளிக்குத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஏற்றுவதற்கு முன்னால் மஜ்ஜையில் இடம் காலியாக வேண்டும். அதற்குப் புசல்ஃபான் என்ற கடுமையான கீமோதெரபி மருந்து. மாதக்கணக்கில் நீளும் ஏற்பாடு இது. குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். பலன் என்னவோ பெரியதுதான். சோதனையில் மதிப்பிடக்கூடிய 31 நோயாளிகளில் 29 பேருக்குத் தொடர்ந்து குறைந்தது 12 மாதங்கள் கடுமையான வலித்தாக்குதல் வரவில்லை. ஆனால் இந்த 29 பேரும் தாண்டி வந்த பாதையைச் செய்தித் தலைப்புகள் சொல்வதில்லை. "கிரிஸ்பர் ஊசி" என்று எழுதியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

கார்-டி சிகிச்சையும் இதே சலுகையில்தான் நிற்கிறது. நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களை நோயாளியிடமிருந்து வெளியே எடுத்து, புற்றுச்செல்லை அடையாளம் காணும் ஒரு செயற்கை ஏற்பியை அவற்றில் பொருத்தி, பெருக்கி, திரும்ப ஏற்றுவது. 2012-ல் ரத்தப்புற்றுநோய் முற்றிய ஒரு சிறுமிக்கு இதைக் கொடுத்தார்கள். நோயெதிர்ப்பு வெறிபிடித்தாற்போல் எகிறி, உயிருக்கே ஆபத்தான நிலை வந்தது. ரத்தத்தில் ஐஎல்-6 என்ற புரதம் அளவுக்கு மீறி ஏறியிருப்பதைப் பார்த்து, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்தார்கள். சிறுமி பிழைத்துக்கொண்டார். 2017-ல் அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எல்லோரும் அந்தச் செயற்கை ஏற்பியின் வடிவத்தை வரைவார்கள். கைகொடுத்தது பழைய மருந்து என்பதை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முழுப் பாடம் மாதிரி இருந்தது. இன்னொன்றும் உண்டு. இந்தப் புற்று தோன்றுவது, கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் பி செல்களில். இந்த டி செல்கள் சிடி19 என்ற அடையாளம் உள்ள எல்லா பி செல்களையும் கொல்கின்றன, நல்லதையும் சேர்த்து. பி செல் இல்லாமல் மனிதர் வாழ முடியும், ஆன்டிபாடிகளை வெளியிலிருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். நுரையீரல் புற்றிலோ கணையப் புற்றிலோ அப்படி இழக்கத்தக்க அடையாளம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் டி செல்கள் கட்டியின் உள்ளே நுழைய வேண்டும், நுழைந்த பிறகும் அங்கே சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். திடக்கட்டிகளில் கார்-டி தடுமாறுவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

அடுத்து கல்லீரல். இந்தத் துறையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் ஒன்று உண்டு: எங்கே அனுப்பினாலும் கல்லீரலுக்குத்தான் போகும். சிரிப்புக்குப் பின்னால் உடற்கூறு இருக்கிறது. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரில் சல்லடைக் கண்கள் போல் துளைகள், சுமார் நூறு நானோமீட்டர் அகலத்தில். புரதத்துக்கான செய்முறையைச் செல்லுக்குக் கொண்டுபோகும் எம்ஆர்என்ஏவைச் சுமந்து செல்லும் லிப்பிட் (கொழுப்பு) நானோதுகளின் அளவும் கிட்டத்தட்ட அந்த வட்டாரம்தான். போதாக்குறைக்கு, துகள் ரத்தத்தில் இறங்கியதும் ஏபோ-ஈ என்ற புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஏபோ-ஈ பூசிய கொழுப்புத் துகள்களை உள்ளே இழுப்பது கல்லீரல் செல்களின் அன்றாட வேலை. ஆக, மருந்தை உணவுக்கொழுப்பு என்று நினைத்து கல்லீரல் தானாகவே வாங்கிக்கொள்கிறது. கல்லீரல் நோய்க்கு இது அதிர்ஷ்டம். மற்ற நோய்களுக்கு இதுதான் தலைவலி.

அதிர்ஷ்டத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது ஆர்என்ஏ இடையீடு, அதாவது ஒரு மரபணுவின் எம்ஆர்என்ஏவைச் சிறு ஆர்என்ஏ துண்டால் அழித்து அதன் புரதம் உருவாகாமல் தடுக்கும் முறை. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-ல் ஒரு சிறு புழுவில் கண்டது, 2006-ல் நோபல் வாங்கியது. முதல் மருந்து பட்டிசிரான் வந்தது 2018-ல். அது தேர்ந்தெடுத்த நோயைப் பாருங்கள். டிரான்ஸ்தைரெடின் என்ற புரதம் பிசகி மடிந்து நரம்பிலும் இதயத்திலும் படியும் நோய். நோயாளிக்குக் கால் மரத்துப்போகிறது, இதயம் பலவீனமாகிறது. ஆனால் அந்தப் புரதத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பது கல்லீரல். படிவது எங்கேயோ, ஊறுவது கல்லீரலில். ஊற்றை அடைத்தால் போதும். இப்படி "நோய் வேறிடம், ஊற்று கல்லீரல்" என்று அமைந்தவற்றைத் தேடிப்பிடிப்பதே ஒரு உத்தியாகிவிட்டது. பிற்பாடு லிப்பிட் துகளையும் விட்டுவிட்டு, கல்லீரல் செல்லின் ஏற்பி ஒன்று ஆசையாகப் பற்றிக்கொள்ளும் கால்நாக் என்ற சர்க்கரையை ஆர்என்ஏவின் வாலில் கட்டினார்கள். தோலுக்கடியில் ஊசி போட்டாலே போதும் என்றாகிவிட்டது. கெட்ட கொழுப்பைச் சுமார் பாதியாகக் குறைக்கும் இன்கிளிசிரானை, முதல் இரண்டு ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். தினமும் மாத்திரை விழுங்க மறப்பவர்களின் உலகத்தில் இது சாதாரணச் சேதி இல்லை.

அதே டிரான்ஸ்தைரெடின் மரபணுவைக் கிரிஸ்பரால் உடலுக்குள்ளேயே உடைத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முதல் அறிக்கையில் ஆறே பேர். கூடுதல் அளவு வாங்கியவர்களுக்கு ரத்தத்தில் அந்தப் புரதம் ஒரு மாதத்துக்குள் சராசரியாக 87 சதவீதம் குறைந்தது. ஒரே ஊசியில். அந்தக் கட்டுரையைப் படித்த நாளில் நானும் என் நண்பர்களும் வேறு எதையும் பேசவில்லை. ஆனால் 2025-ல் அதன் பெரிய அளவிலான சோதனையில் ஒரு நோயாளியின் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, சோதனையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மாத்திரை என்றால் நாளை முதல் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உடைத்த மரபணுவிடம் அப்படிச் சொல்ல முடியாது.

2025-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட இன்னொரு சம்பவமும் கல்லீரலில்தான் நடந்தது. சிபிஎஸ்1 என்ற நொதி இல்லாமல் பிறந்த ஒரு கைக்குழந்தை. புரதம் செரித்த பிறகு மிஞ்சும் அமோனியாவை உடலால் அகற்ற முடியாது, அது மூளையைத் தாக்கும். பிலடெல்பியாவில் ஒரு மருத்துவக் குழு, அந்த ஒரு குழந்தையின் ஒரு எழுத்துப்பிழைக்கென்றே தனியாக ஒரு மரபணுத் திருத்தியைச் சுமார் ஆறு மாதத்தில் வடிவமைத்து, லிப்பிட் துகளில் வைத்து ஏற்றியது. ஒரே தடவையில் கொடுக்கவில்லை. சிறிய அளவில் தொடங்கி, கவனித்து, மறுபடி கொடுத்து, மூன்று தவணையாக. மருந்தைச் சுமக்க வைரஸை வாகனமாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது. முதல் தவணைக்கே உடல் ஆன்டிபாடி தயாரித்து, இரண்டாவதை வாசலிலேயே மறித்திருக்கும். செய்திகள் எல்லாம் "ஒரு குழந்தைக்காக ஒரு மருந்து" என்பதில் நின்றன. நான் நின்ற இடம், மறுபடி கொடுக்க முடிந்தது என்ற அந்தச் சின்ன வாக்கியம். இந்தக் குழந்தைக்கு அதே அளவு பிழை சிறுநீரகத்தில் இருந்திருந்தால் அந்த ஆறு மாதம் போதியிருக்குமா என்பது வேறு பேச்சு.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சின்ன இடம், மூடிய இடம், நோயெதிர்ப்பின் கெடுபிடி குறைந்த இடம், நேரடியாக ஊசி போடலாம், பலனை நேரடியாகப் பார்க்கவும் செய்யலாம். 1998-ல் ஒப்புதல் பெற்ற முதல் ஆன்டிசென்ஸ் மருந்து (ஆர்என்ஏவோடு ஒட்டி அதை முடக்கும் வகை) கண்ணுக்கு. 2014-ல் ஜப்பானில், எந்தத் திசுவாகவும் வளரும்படி மாற்றப்பட்ட ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த திசுவை முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தது கண்ணில். ஆர்பிஈ65 என்ற விழித்திரை மரபணுவின் குறைபாட்டுக்கு 2017-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிகிச்சையும் கண்ணுக்கு. புதிதாக எது வந்தாலும் கண் முதலில் கதவைத் திறக்கிறது.

அளவைச் சொன்னால் வித்தியாசம் புரியும். அந்த விழித்திரைச் சிகிச்சையில் ஒரு கண்ணுக்குச் செலுத்துவது, நல்ல மரபணுவைச் சுமந்த சுமார் 15,000 கோடி வைரஸ் துகள்கள். முதுகுத்தண்டு தசைநலிவு நோய்க்கு, அதாவது எஸ்எம்ஏவுக்கு, குழந்தைகளின் ரத்தக்குழாயில் ஏற்றும் சிகிச்சையில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.1 கோடி கோடி. எழுநூறு மடங்குக்கும் மேல், அதுவும் கிலோவுக்கு! தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்புகளை எட்டுவதற்காக உடல் முழுவதையும் வைரஸால் நனைக்க வேண்டியிருக்கிறது. அதன் விலை 21 லட்சம் டாலர் என்று 2019-ல் அறிவித்தபோது எழுந்த கூச்சல் நியாயமானதுதான். ஆனால் அந்த விலையைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் இத்தனை கோடி கோடி வைரஸைச் சுத்தமாகத் தயாரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். விலையில் தயாரிப்புச் செலவு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று தனியாகச் சண்டை போடலாம்.

இந்த வைரஸைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏஏவி என்பார்கள். 1965-ல் வேறொரு வைரஸைத் தயாரிக்கும்போது கலப்படமாகக் கிடைத்தது. மனிதருக்கு நோய் உண்டாக்குவதாகத் தெரியவில்லை, பல திசுக்களுக்குள் போகும். குறை என்னவென்றால் மிகச் சின்னது. சுமார் 4,700 எழுத்துகள்தான் உள்ளே அடங்கும். டுஷேன் தசைச்சிதைவு நோயில் குறைபடும் டிஸ்ட்ரோஃபின் மரபணு, மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. முழு நீளம் இருபது லட்சம் எழுத்துகளுக்கு மேல். புரதத்துக்குத் தேவையான பகுதியை மட்டும் எடுத்தாலும் 11,000. எப்படி அடைப்பது?

இதற்கான விடை ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. 1990-ல் வெளியான ஒரு ஆய்வு, டிஸ்ட்ரோஃபினின் 46 சதவீதம் இல்லாமலேயே 61 வயதில் நடமாடிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னது. பாதி இல்லாமலே நடக்கிறாரே! அப்படியானால் எந்தப் பகுதி அவசியம், எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்? அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் குறுக்கப்பட்ட மைக்ரோ-டிஸ்ட்ரோஃபின். 2023-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு அதன் பெரிய சோதனை தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்ற முடிவும் வந்தது. 2025-ல் இந்தச் சிகிச்சை பெற்ற, நடக்க இயலாத நிலையிலிருந்த இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். தசைக்கு அனுப்பிய மருந்து. பாதிக்கப்பட்டது கல்லீரல். அந்தப் பழைய வேடிக்கைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எங்கள் வகுப்பில் சொல்லவில்லை.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1999-ல் அமெரிக்காவில் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர், ஒரு கல்லீரல் நொதிக் குறைபாட்டுக்கான மரபணு சிகிச்சைச் சோதனையில் தானாக முன்வந்து சேர்ந்தவர், அடினோவைரஸ் செலுத்திய நான்காம் நாள் இறந்துபோனார். மரபணுவில் பிழையில்லை. அதைச் சுமந்துவந்த வைரஸ் வண்டிக்கு எதிராக உடல் கொதித்தெழுந்தது. பிரான்சில் அதே காலத்தில் பிறவியிலேயே நோயெதிர்ப்பு இல்லாத குழந்தைகளுக்கு ரெட்ரோவைரஸ் வழியாக மரபணு கொடுத்தார்கள். அற்புதமாக வேலை செய்தது. பிறகு சில குழந்தைகளுக்கு ரத்தப்புற்று வந்தது. வைரஸ் தன் சரக்கை எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து அதை முடுக்கிவிட்டிருந்தது. செல்லுக்குள் போய்ச் சேர்ந்தால் போதாது, குரோமோசோமில் எங்கே போய் உட்காருகிறது என்பதும் முகவரியின் ஒரு பகுதி. தன்னைத் தானே முடக்கிக்கொள்ளும் லென்டிவைரஸ் வாகனங்கள் பரவலானதற்கு இந்த அனுபவம் முக்கியக் காரணம். பாடத்திட்டத்தில் இந்த இரண்டும் "அறம்" என்ற தாளில் ஓர் ஓரமாக வரும். என்னைக் கேட்டால் வாகன வடிவமைப்புப் பாடத்தின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டியவை.

நுரையீரலுக்கு வருவோம். நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணு 1989-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சிஎஃப்டிஆர் என்று பெயர். பெரும்பான்மை நோயாளிகளுக்கு மூன்றே மூன்று எழுத்து குறைகிறது, அதனால் 508-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் காணாமல்போகிறது. அந்தக் காலத்து உற்சாகத்தை யோசித்துப் பாருங்கள். நுரையீரல் வெளிக்காற்றைத் தொடும் உறுப்பு. மூச்சோடு உள்ளே அனுப்பிவிடலாம். 1993-லேயே மனிதர்களில் முயற்சி தொடங்கிவிட்டது. பிறகு வரிசையாகத் தோல்விகள். நுரையீரல் திறந்த வாசல் போலத் தெரிகிறதே தவிர, வெளியிலிருந்து வரும் நுண்பொருள்களைப் பிடித்துத் தள்ளுவதற்கென்றே கட்டப்பட்டது. சளி பிடிக்கும், நுண்மயிர்கள் வெளியே பெருக்கும், மிஞ்சியதை விழுங்குசெல்கள் முடிக்கும். போதாததற்கு இந்த நோயில் சளி இன்னும் கெட்டி. செல்லின் மேற்பக்கத்தில் வைரஸுக்கான ஏற்பிகளும் குறைவு.

கடைசியில் ஜெயித்தது என்ன தெரியுமா? மாத்திரை! சாதாரணமாக விழுங்கும் மாத்திரை. பிசகி மடியும் புரதத்தைச் சரியாக மடியவைத்து, செல்லின் மேல்பரப்புக்குப் போகவைத்து, அங்கே உப்பு போவதற்கான கதவாக அதைத் திறக்கவைக்கும் சிறு மூலக்கூறுகள். 2012-ல் முதலாவது, 2019-ல் மூன்று மருந்துக் கூட்டு. அமெரிக்க நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் பொருந்தும் என்றார்கள். நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து விலகிய கதைகள் உண்டு. சிறு மூலக்கூறுக்கு ஒரு பெரிய வசதி, அது சின்னது. குடலைத் தாண்டும், ரத்தத்தில் கரையும், சவ்வைக் கடக்கும். எந்த உறுப்பு என்ற கேள்வி அதற்குப் பெரிய தடையே இல்லை. மருந்தியல் வேதியியலைப் பழைய காலத்து விஷயம் என்று நினைக்கும் மாணவர்கள் எங்கள் துறையில் நிறைய. அவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். மீதிப் பத்து சதவீதத்தில் பலருக்கு அந்தப் புரதமே உருவாவதில்லை. சரிசெய்ய ஒன்று இருந்தால்தானே மாத்திரை சரிசெய்யும்? அவர்களுக்கு மரபணுவோ எம்ஆர்என்ஏவோதான் வேண்டும், ஆகவே அந்தச் சளியோடு இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எம்ஆர்என்ஏ என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வரும். கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-ல், ஆர்என்ஏவின் ஓர் எழுத்தைச் சற்று மாற்றினால் உடல் அதை எதிரி என்று கூச்சல் போடாது என்று காட்டினார்கள். 2023-ல் நோபல். தடுப்பூசியில் அது வென்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தடுப்பூசிக்குக் கொஞ்சம் புரதம் போதும், மிச்சத்தை நோயெதிர்ப்பு மண்டலம் தானே பெருக்கிக்கொள்ளும். 30 மைக்ரோகிராமில் வேலை முடிந்தது. குறைபடும் ஒரு புரதத்தை ஈடுகட்ட வேண்டும் என்றால் நிறையச் செல்களில், நிறைய நாள், நிறைய அளவு தேவை. "தடுப்பூசி வந்துவிட்டது, அடுத்து எல்லா நோய்க்கும் எம்ஆர்என்ஏ" என்று பேசியவர்கள் இந்த வித்தியாசத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

செல்லுக்குள் நுழைந்தாலும் முடியவில்லை. துகளை விழுங்கிய செல் அதை எண்டோசோம் என்ற பையில் அடைத்து, அமிலம் ஏற்றி, செரிக்கப் பார்க்கும். துகளில் இருக்கும் லிப்பிட் இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. ரத்தத்தில் மின்னூட்டம் இல்லாமல் சாதுவாக இருந்தது, அமிலம் பட்டதும் மின்னூட்டம் ஏறி, பையின் சுவரைக் குலைக்கிறது. அப்படியும் தப்பித்து வெளியே வருவது நூற்றில் ஒன்றிரண்டுதான் என்று 2013-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. மிச்சமெல்லாம் செரிமானம். அந்த ஒன்றிரண்டிலேயே இவ்வளவு மருந்துகள் சாத்தியமாகியிருக்கின்றன என்பது நம்பிக்கையா வேதனையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதைப் பத்தாக்க ஒருவரால் முடிந்தால், புதிய மரபணு எதையும் கண்டுபிடிக்காமலே பல நோய்களின் கதை மாறும்.

படிக்கும்போது இதெல்லாம் ஏன் உறைப்பதில்லை? ஆய்வகம் நம்மைக் கெடுத்துவிடுகிறது என்பது என் எண்ணம். நாங்கள் பழகும் செல்களில் முக்கியமானது ஹெக்293 என்ற, ஆய்வகத்திலேயே தொடர்ந்து பெருகும் மனிதச் செல் வகை. 1973-ல் நெதர்லாந்தின் லைடனில் உருவானது. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் சாதுப்பிள்ளை. பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை இரவு கொடுத்தால், இரண்டு நாளில் தட்டு முழுக்கப் பச்சை. நுண்ணோக்கியில் அதைப் பார்க்கும் எந்த மாணவருக்கும் செல்லுக்குள் மரபணு போடுவது ஒரு வேலையே இல்லை என்று தோன்றிவிடும். அந்தத் தட்டில் சளி இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, ஆன்டிபாடி இல்லை, கல்லீரல் இல்லை. பின்னர் நோயாளியிடமிருந்து வந்த செல்களில், அதுவும் பெருகாத நரம்புச் செல்களில், அதே வேலையைச் செய்யச் சொன்னால் தட்டு இருட்டாகவே கிடக்கும். மாணவர்களுக்கு அந்த இருட்டுத் தட்டை முதல் வாரத்திலேயே காட்டிவிட வேண்டும் என்பேன்.

ஆகையால் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்க நினைத்து என்னிடம் கேட்பவர்களிடம், மூலக்கூறு உயிரியலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நோயெதிர்ப்பியல் கட்டாயம். லிப்பிட்டுகளின் வேதியியல் அலுப்பாக இருந்தாலும் கட்டாயம். உடற்கூறை மருத்துவ மாணவர்களின் தலைவலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், நுண்குழாய்ச் சுவரில் துளை எவ்வளவு அகலம் என்பதில் ஒரு மருந்தின் தலையெழுத்து இருக்கிறது. அப்புறம் புள்ளியியல். ஆறு பேரில் கிடைத்த முடிவுக்கும் அறுநூறு பேரில் கிடைக்கும் முடிவுக்கும் நடுவில் என்னென்ன நடக்கலாம் என்று அது மட்டும்தான் சொல்லித்தரும்.

இப்போது நான் ஆவலாகப் பின்தொடர்வது, கார்-டி செல்களை உடலுக்குள்ளேயே உருவாக்கும் முயற்சி. ஜெர்மனியின் எர்லாங்கனில், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் முற்றிய ஐந்து பேருக்கு ஆய்வகத்தில் தயாரித்த கார்-டி கொடுத்து, ஐந்து பேருக்கும் நோய் அடங்கியதை 2022-ல் வெளியிட்டார்கள். லூபஸில் உடலையே தாக்கும் ஆன்டிபாடிகள் வருவதும் பி செல்களிடமிருந்துதான். புற்றுநோய்க்கென்று வந்தது வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. ஆனால் லூபஸ் நோயாளிகள் எத்தனை பேருக்குச் செல்லை எடுத்து, வாரக்கணக்கில் வளர்த்து, கீமோ கொடுத்துத் திரும்ப ஏற்ற முடியும்? அதனால்தான், டி செல்லின் மேல் உள்ள ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை லிப்பிட் துகளில் பொருத்தி, அதற்குள் எம்ஆர்என்ஏவை வைத்து, நேராக ரத்தத்தில் செலுத்திப் பார்க்கிறார்கள். குரங்குகளில் பி செல்கள் காலியானதை 2025-ல் காட்டினார்கள், மனிதர்களில் ஆரம்பக்கட்டச் சோதனைகளும் தொடங்கிவிட்டன. எம்ஆர்என்ஏ என்பதால் சில நாளில் தானாகவே அழிந்துவிடும், தேவைப்பட்டால் மறுபடி கொடுக்கலாம். அந்தக் குரங்கு ஆய்வை வாசித்தபோது நான் முதலில் தேடிய தகவல், செலுத்திய துகள்களில் எவ்வளவு டி செல்லுக்குப் போனது, எவ்வளவு கல்லீரலுக்குப் போனது என்பதுதான். கல்லீரலுக்குப் போவதைக் குறைப்பதற்கென்றே ஒரு புதிய லிப்பிட்டை வடிவமைத்திருக்கிறார்கள்.